லிஸ்பனைத் தாண்டி ஒரு போர்ச்சுகல்: பாறைச் சித்திரங்களுக்காக நின்ற அணை... அணைக்காக மூழ்கிய ஊர்!

சாவி, ஜன்னல், அலமாரி, மேசை... நம் வீட்டில் தினமும் புழங்கும் இந்த நான்கு சொற்களுமே கப்பலேறி வந்தவை. போர்ச்சுக்கீசிய மொழியில் இன்றைக்கும் ஜன்னலுக்கு 'ஜனெலா', அலமாரிக்கு 'அர்மாரியு', மேசைக்கு 'மேசா', சாவிக்கு 'ஷாவே'. கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. 1554-ல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அச்சிட்டு ஒரு சிறு மறைக்கல்வி நூலே வெளிவந்திருக்கிறது.

இவ்வளவு பழைய பழக்கம் இருந்தும், ஐரோப்பா டூர் போகும் நம்மவர்களுக்கு போர்ச்சுகல் என்றால் இரண்டு ஊர்கள்தான். லிஸ்பனில் மஞ்சள் டிராம், பெலேம் கோபுரம், சுடச்சுட முட்டை டார்ட். போர்ட்டோவில் ஆற்றுப் பாலம், ஒரு செல்ஃபி. நான்காவது நாள் ஸ்பெயினுக்கு விமானம்!

அந்த இரண்டு ஊர்களுக்கும் கிழக்கே, ஸ்பெயின் எல்லையை ஒட்டி, இன்னொரு போர்ச்சுகல் இருக்கிறது. 1960-கள் தொடங்கி பிழைப்புக்காகப் பிரான்ஸ், ஜெர்மனி, லிஸ்பன் என்று ஜனம் கிளம்பிப் போன பகுதி. பல கிராமங்களில் பூட்டிய கதவுகளும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வயதானவர்களும்தான் மிச்சம். ஆறு, மலை, கோட்டை, பாட்டு என எல்லாமே இங்கு உண்டு. கூட்டம் மட்டும் இல்லை.

இந்தப் பகுதியை வடக்கிலிருந்து தெற்காகக் கடந்தால், ஒரே கேள்வி வெவ்வேறு ஊர்களில் எதிரே வந்து நிற்கும். 'தண்ணீரும் மின்சாரமும் வேண்டும், சரி... அதற்காக எதை விட்டுக்கொடுக்கலாம்?' ஒரு பள்ளத்தாக்கு 'முடியாது' என்றது. இரண்டு ஊர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. போர்ட்டோவில் தொடங்கி லிஸ்பனில் முடியும் அந்தப் பயணம் இதோ!

தண்ணீர் வற்றினால் எழும் கிராமம்

போர்ட்டோவிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பெனேடா-ஜெரேஷ். 1971-ல் அறிவிக்கப்பட்ட இதுதான் போர்ச்சுகலின் ஒரே தேசியப் பூங்கா. ஓக் மரக் காடுகள், கண்ணாடி போன்ற ஓடைகள், மலைச்சரிவில் திரியும் குட்டைக் குதிரைகள் என்று பச்சைப் பசேல் உலகம். ரோமானியர் போட்ட சாலையின் மைல்கற்கள்கூட காட்டுக்குள் இன்னமும் நிற்கின்றன.

இங்கே ஓமெம் ஆற்றின் கரையில் விலரின்யோ த ஃபுர்னா என்று ஒரு கிராமம் இருந்தது. ஊர் விவகாரங்களை ஊரே கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கம் அங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு. மாடு மேய்ப்பதில் முறை, வாய்க்கால் வேலையில் முறை, பாதை சீர்செய்வதில் முறை. வீட்டுக்கு ஒருவர் வந்தாக வேண்டும், வராவிட்டால் அபராதம். இந்த ஏற்பாட்டைக் கண்டு வியந்த மானுடவியலாளர் ஜோர்ஜ் டியாஷ், 1948-ல் இந்த ஊரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

பிறகு ஆற்றின் குறுக்கே மின்சாரத்துக்கான அணை வந்தது. 1971-ல் ஊரைக் காலி செய்தார்கள். கிளம்பும்போது கதவு, ஜன்னல், கூரை ஓடு வரை கழற்றி எடுத்துப் போனார்கள். மிஞ்சியது கருங்கல் சுவர்கள் மட்டுமே. அடுத்த வருடம் அவை தண்ணீருக்குள் போயின.

கோடையின் இறுதியிலோ, மழை பொய்த்த வருடங்களிலோ நீர்மட்டம் இறங்கும்போது, சேறு படிந்த அந்தச் சுவர்கள் மெல்ல வெளியே தலைகாட்டும். தெரு தெரியும், வாசற்படி தெரியும். அன்றைக்குப் பார்த்து வருகிறவர்கள் அந்தத் தெருக்களில் நடந்துகூடப் பார்க்கிறார்கள். நீர் நிறைந்திருக்கும் நாளில் போனாலும் ஏமாற்றம் வேண்டாம். அருகிலுள்ள காம்ப்பு டு ஜெரேஷ் கிராமத்தில், மூழ்கிய ஊரின் வீட்டுக் கற்களைக் கொண்டே கட்டிய அருங்காட்சியகம் இருக்கிறது. அந்த ஊரின் கலப்பையும் உடுப்பும் அடுப்படிச் சாமானும் அங்கே பத்திரமாக இருக்கின்றன.

இதே தேசியப் பூங்கா பகுதியில் உள்ள சுவாஜு கிராமத்தையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பெரிய பாறையின் மேல் 24 கருங்கல் குதிர்கள் வரிசையாக நிற்கும். மக்காச்சோளம் சேமிக்கக் கட்டியவை. எலி ஏறாதபடி கல்தூண்கள் மீது தூக்கி நிறுத்தி, காற்று புக பக்கச் சுவர்களில் இடைவெளி விட்டிருப்பார்கள். உச்சியில் ஒரு சிலுவை. தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கல்லறைத் தோட்டம் போலத் தோன்றும். கிட்டே போனால்தான் அது ஊரின் சோற்றுப் பெட்டி என்று புரியும்.

'சித்திரங்களுக்கு நீச்சல் தெரியாது!'

அடுத்த இடத்துக்கு ரயிலில் போவதுதான் அழகு. போர்ட்டோவின் சாவ் பெந்து நிலையத்தில் ஏறும் முன், ஹாலை நிமிர்ந்து பார்த்துவிடுங்கள். ஜோர்ஜ் கொலாசு தீட்டிய சுமார் 20,000 ஓடுகள், நாட்டின் வரலாற்றை நீல வண்ணத்தில் சொல்லும். அங்கிருந்து டோரு நதியை ஒட்டியே ஓடும் ரயில் பாதை, மலையைப் படிப்படியாக வெட்டிய திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே, சுமார் மூன்றரை மணி நேரத்தில் பொசின்யு நிலையத்தில் முடிகிறது. பக்கத்து ஊர் விலா நோவா டி ஃபோஷ் கோஆ. பெயரைப் பார்த்து நம்ம கோவா என்று நினைத்துவிட வேண்டாம், இது 'கோ-ஆ'. இங்கே டோருவில் வந்து கலக்கும் ஒரு சிறிய ஆற்றின் பெயர் அது.

1990-களின் தொடக்கத்தில் இந்தக் கோஆ ஆற்றில் 100 மீட்டருக்கும் அதிக உயரத்தில் ஓர் அணை எழுந்துகொண்டிருந்தது. வேலை மும்முரமாக நடந்தபோது, 1994 நவம்பரில் ஒரு செய்தி வெளியே கசிந்தது. கரையோரப் பாறைகளில் கற்கால மனிதர்கள் செதுக்கிய உருவங்கள் இருக்கின்றன! காட்டெருது, குதிரை, மலையாடு, மான். அதுவரை பழைய கற்காலச் சித்திரங்கள் என்றாலே குகைகள்தான் நினைவுக்கு வரும். இங்கோ திறந்த வெளியில், வெயிலிலும் மழையிலும், சுமார் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு கலைக்கூடமே விரிந்து கிடந்தது.

அணை முடிந்தால் அத்தனையும் தண்ணீருக்குள். நாடே இரண்டாகப் பிரிந்து விவாதித்தது. வேலை வரும், மின்சாரம் வரும் என்று அணையை எதிர்பார்த்தவர்களும் உண்டு. 'அவை அவ்வளவு பழமையானவையே இல்லை' என்ற வாதமும் எழுந்தது. அப்போது பள்ளி மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். அவர்கள் கையில் இருந்த வாசகம்: 'சித்திரங்களுக்கு நீச்சல் தெரியாது!' குறும்பான அந்த ஒரு வரி நாடு முழுக்கப் பரவியது.

1995-ல் பதவிக்கு வந்த புதிய அரசு அணை வேலையை நிறுத்தியது. அதுவரை கொட்டிய பணம் போனது போனதுதான். 1996-ல் தொல்லியல் பூங்கா, 1998-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல், 2010-ல் மலைமுகட்டில் ஒரு நவீன அருங்காட்சியகம் என்று கோஆ நிமிர்ந்தது. பழமை பற்றிய சண்டைக்கும் விடை கிடைத்தது. 1999-ல் ஃபரிசேயு என்ற இடத்தில் தோண்டியபோது, பழைய கற்கால மண் அடுக்குகளுக்கு அடியிலேயே செதுக்கிய பாறை ஒன்று வெளிப்பட்டது. மேலே படிந்த மண்ணே கற்காலத்தது என்றால், கீழே இருக்கும் சித்திரம் அதற்கும் மூத்ததாகத்தானே இருக்க வேண்டும்? இங்குள்ள மிகப் பழைய உருவங்களுக்கு 20,000 வயதுக்கு மேல் ஆகிறது.

பூங்காவுக்குள் தனியாகச் சுற்ற முடியாது. முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் ஜீப்பில்தான் போக வேண்டும். முதலில் பாறை வெறும் பாறையாகத்தான் தெரியும். வழிகாட்டி விரலால் கோட்டைப் பின்தொடர்ந்து காட்டும்போது, பாறைக்குள்ளிருந்து ஒரு குதிரை எட்டிப் பார்க்கும். சில விலங்குகளுக்கு இரண்டு மூன்று தலைகள் இருக்கும். தலையைத் திருப்பும் அசைவைக் காட்டவே அப்படிச் செதுக்கினார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பெனஸ்கோசா என்ற இடத்தில் இரவுப் பயணமும் உண்டு. பக்கவாட்டில் விளக்கொளி விழும்போது, பகலில் கண்ணுக்குத் தப்பிய கோடுகள் பளிச்சென்று தெரியும். குழந்தைகளோடு போகிறவர்கள் கண்டிப்பாக இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கனாடா டு இன்ஃபெர்னு என்ற இன்னோர் இடத்தில், அணைக்காக மலையை வெட்டிய தழும்பு இன்னமும் ஆறாமல் இருக்கிறது. டோருவில் முன்பே கட்டிய பொசின்யு அணையால் இங்கே ஆற்றுமட்டம் உயர்ந்து, சில சித்திரங்கள் ஏற்கெனவே நீருக்கடியில்தான் இருக்கின்றன. வெற்றியிலும் ஒரு குறை.

இன்னொரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். அணை நின்றதால் ஊர் செழித்துவிடவில்லை. இளைஞர்கள் வெளியேறுவது நிற்கவில்லை. கோஆ தப்பித்தாலும், பக்கத்திலுள்ள சபோர் ஆற்றில் பின்னாளில் அணை வந்தது. அதனால்தான் இங்கே ஒரு குடும்பம் இரண்டு இரவு தங்கினால்கூட உள்ளூருக்கு அது பெரிய விஷயம். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வந்தால் பாதாம் மரங்கள் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூத்து, மலைச்சரிவையே போர்த்தியிருக்கும்.

கோலாட்டம் ஆடும் ஆண்கள்

கார் கையில் இருந்தால், கோஆவிலிருந்து வடகிழக்கே மிராண்டா டு டோரு வரை ஒரு நடை போய்வரலாம். நாட்டின் கடைசி மூலை. கீழே செங்குத்தான பாறைச்சுவர்களுக்கு நடுவே டோரு ஓடுகிறது, அக்கரை ஸ்பெயின். படகுச் சவாரியில் கழுகுகளை அண்ணாந்து பார்த்தபடியே போகலாம்.

இந்த ஊருக்குச் சொந்தமாக ஒரு மொழி உண்டு: மிராண்டேஸ். வயல்காட்டு மொழி என்று ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த அதற்கு 1999-ல் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. பெயர்ப் பலகைகள் இப்போது இரண்டு மொழிகளில் நிற்கின்றன. பேசுகிறவர்கள் மட்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

திருவிழா நாளில் போனால், நமக்கு நன்கு அறிமுகமான ஒரு காட்சி காத்திருக்கும். வெள்ளைப் பாவாடையும் பூ வைத்த தொப்பியுமாக எட்டு ஆண்கள், கையில் கட்டைக் குச்சிகளோடு எதிரெதிரே நின்று தட்டி ஆடுவார்கள். அசல் கோலாட்டம்! 'பவுலிட்டேரோஸ்' என்பது இவர்களின் பெயர். பின்னணியில் துருத்திக் குழலும் மேளமும் முழங்கும். ஊர் ஆலயத்தில் தொப்பி அணிந்த குழந்தை இயேசுவையும், ஊர்ப்புறத்தில் ரோமம் சடையாகத் தொங்கும் மிராண்டா கழுதைகளையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். அழிவின் விளிம்பிலிருந்த இந்தக் கழுதை இனத்தைக் காப்பாற்ற ஒரு சங்கமே பாடுபடுகிறது.

பாறைக்கடியில் குடியிருப்பு

கோஆவிலிருந்து தெற்கே இறங்கினால், வழியில் பெல்மோண்ட்டே. 1500-ல் பிரேசிலைத் தொட்டு, அதே பயணத்தில் நம் கோழிக்கோட்டுக்கும் வந்த கப்ரால் பிறந்த ஊர். அதைவிட நெகிழ வைப்பது இங்குள்ள யூதர்களின் கதை. கட்டாய மதமாற்றத்துக்குப் பின், வெளியே கிறிஸ்தவர்களாகவும் வீட்டுக்குள் யூதர்களாகவும் சுமார் 500 ஆண்டுகள் ரகசியமாக வாழ்ந்தார்கள். வழிபாட்டைப் பெரும்பாலும் அம்மாக்கள்தான் மகள்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1990-களில்தான் அவர்களுக்கென்று ஊரறிய ஒரு வழிபாட்டுக்கூடம் எழுந்தது.

அங்கிருந்து இன்னும் தெற்கே மொன்சாண்டோ. 750 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், யானை யானையாகக் கிடக்கும் பாறைகளுக்கு நடுவே ஒரு கிராமம். சில வீடுகளுக்குப் பாறைதான் சுவர், சில வீடுகளுக்குப் பாறைதான் கூரை! 1938-ல் 'மிகவும் போர்ச்சுக்கீசியத்தன்மை கொண்ட கிராமம்' என்ற போட்டியில் வென்று வெள்ளிச் சேவலைப் பரிசாகப் பெற்ற ஊர். அந்தச் சேவலின் மாதிரி கோபுர உச்சியில் நிற்கிறது. 'ஹவுஸ் ஆஃப் தி டிராகன்' தொடரைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாறைகள் தெரிந்த முகமாக இருக்கும்.

மே மாதத் தொடக்கத்தில் இங்கே சிலுவைத் திருவிழா. முற்றுகையிட்ட எதிரிகளிடம் 'எங்களிடம் உணவு ஏராளம்' என்று காட்ட, கடைசிக் கன்றுக்குட்டியைக் கோட்டையிலிருந்து தூக்கி வீசினார்களாம். எதிரிகள் நம்பிப் போய்விட்டார்களாம். அந்தக் கதையின் நினைவாக இன்று பூக்கள் நிரம்பிய பானையை வீசுகிறார்கள். பெண்கள் 'அடுஃபே' என்ற சதுரப் பறையை இரு கைகளாலும் தட்டிப் பாடுவார்கள். கண், காது, வாய் எதுவும் இல்லாத மரஃபோனா துணிப் பொம்மைகள் கடைகளில் கிடைக்கும். சூட்கேஸில் இடம் ஒதுக்கி வையுங்கள்.

பெயர் ஒளி... ஊர் நீருக்குள்

பயணத்தின் கடைசிப் பகுதி அலென்டேஜு சமவெளி. ஆலிவ் தோப்பு, கார்க் மரம், வெள்ளையடித்த வீடுகள். குன்றின் மேல் மதில் சூழ்ந்த மொன்சராஷ் ஊரில் ஏறி நின்றால், கீழே கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீர். குவாதியானா ஆற்றில் கட்டிய அல்கேவா அணையின் நீர்த்தேக்கம் இது. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பு. மேற்கு ஐரோப்பாவின் மிகப் பெரிய செயற்கை ஏரிகளில் ஒன்று. இரவில் வெளிச்ச மாசு இல்லாததால், நட்சத்திரம் பார்ப்பதற்கென்றே இங்கு வருகிறார்கள்.

அழகுதான். அந்த அழகுக்குக் கொடுத்த விலை, அரைமணி நேரப் பயணத்தில் தெரிந்துவிடும். அல்கேவாவின் மதகுகள் 2002 பிப்ரவரியில் மூடப்பட்டன. நீர் ஏறி வரும் பாதையில் அல்டேயா டா லூஷ் என்ற கிராமம் இருந்தது. 'லூஷ்' என்றால் ஒளி. அந்த வருடமே சற்றுத் தள்ளி ஒரு புது லூஷ் கட்டி, ஊர் மக்களை அங்கே குடியேற்றினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் அதே பக்கத்தில் இருக்கும்படி தெருக்கள். அதே வடிவில் மாதா கோயில். கல்லறையில் உறங்கியவர்களையும் எடுத்துவந்து புதுக் கல்லறையில் வைத்தார்கள். நீர் வரும் முன் பழைய வீடுகளை இடித்துத் தள்ளினார்கள்.

புது ஊரின் ஓரத்தில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய ஊரின் புகைப்படங்கள், வீட்டுப் பொருள்கள், அதன் ஜன்னல் வழியே ஏரி. அவ்வளவுதான் காட்சி. ஆனால், பார்த்துவிட்டு உடனே எழுந்து போகிறவர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள்.

குவாதியானா கரையிலும் பழங்காலப் பாறைச் சித்திரங்கள் இருந்தன. அவை தெரியவந்தது 2001-ல். மதகு மூட ஒரு வருடம்கூட இல்லை. ஆய்வாளர்கள் அவசர அவசரமாகப் பதிவு செய்தார்கள், பிறகு நீர் சூழ்ந்தது. கோஆவுக்குக் கிடைத்த அவகாசம் இங்கே கிடைக்கவில்லை.

அல்கேவாவைக் குறை மட்டும் சொல்லிவிட முடியாது. வறண்டு கிடந்த சமவெளிக்கு இன்று பாசனம் இருக்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் விவசாயிக்குத் தண்ணீரின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது சுலபமில்லை. கோஆவின் பாறைக்கு முன்னாலும் லூஷின் ஜன்னலுக்கு முன்னாலும் ஒரே வாரத்தில் நின்று பார்ப்பவருக்கு, அந்தக் கேள்வியின் கனமாவது புரியும்.

மாலையில் ஏதாவது ஓர் ஊர் மதுக்கடையிலோ, சங்கக் கட்டடத்திலோ 'காந்தே' பாட்டு காதில் விழலாம். பக்க வாத்தியம் கிடையாது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் குரல் உயர்த்த, மற்றவர்கள் தோளோடு தோள் நின்று சேர்ந்து பாடுவார்கள். வயல் வேலைக்காரர்களின் இந்தப் பாட்டை 2014-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது. மொழி புரியாவிட்டாலும் ஏக்கம் புரிந்துவிடும்.

கிளம்பும் முன் கவனிக்க...

* ஷெங்கன் விசா தேவை. சீசனில் நேர்காணல் தேதி கிடைப்பது கடினம் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.
* ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரையும், செப்டம்பர், அக்டோபரும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் உள்நாட்டில் கடும் வெயிலும் காட்டுத்தீ ஆபத்தும் உண்டு.
* ரயில் போகாத ஊர்களே அதிகம். கிராமப் பேருந்துகளும் குறைவு. வாடகைக் கார் சௌகரியம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவிடுங்கள்.
* ஜெரேஷ் 2 நாள், கோஆ 2 நாள், மொன்சாண்டோ 1 நாள், மொன்சராஷ் 2 நாள் என்று ஒரு வாரம் போதும். மிராண்டாவுக்கு 1 நாள் கூடுதல்.
* சைவம் சாப்பிடுகிறவர்கள் 'கால்டு வெர்டே' கீரை சூப்பில் இறைச்சித் துண்டு வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அலென்டேஜுவில் கொத்தமல்லி, பூண்டு, ஆலிவ் எண்ணெய், ரொட்டி சேர்த்த 'அசோர்டா' நம் நாக்குக்கு நெருக்கம். அதில் முட்டை இருக்கும்.
* நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாடு', பெண்கள் 'ஒப்ரிகாடா' என்க வேண்டும். திண்ணைப் பாட்டிகளிடம் இந்த ஒரு சொல் போதும், முகம் மலர்ந்துவிடும்.
* அவசர உதவிக்கு எண் 112.

மொன்சராஷிலிருந்து லிஸ்பனுக்கு சுமார் இரண்டு மணி நேரக் கார் பயணம்தான். மஞ்சள் டிராமும் முட்டை டார்ட்டும் எங்கேயும் ஓடிப்போகப் போவதில்லை. அவற்றைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய கதவுகள் இன்னும் கூடுவதற்கு முன், அந்தக் கிராமங்களை முதலில் பார்த்துவிடுங்கள்!